தீப்பெட்டி அட்டை

அனுபவம் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும் என்று யாராவது கல்யாண வீட்டிலோ ரயில் பெட்டியிலோ பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். மரியாதை தெரியாதவள் என்று எனக்குப் பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். பட்டுத் தெரிந்துகொள்வது என்றால் என்ன என்று என் வீட்டில் பார்த்ததை அவர்களும் பார்த்திருந்தால், வெற்றிலையை மென்றுகொண்டே அவ்வளவு நிம்மதியாக அதைச் சொல்ல முடியாது.

அந்தப் பேச்சு முதன்முதலில் எனக்கு இங்கிலீஷில்தான் வந்து சேர்ந்தது. எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் டீச்சர் ஒருநாள் கரும்பலகையில் 'லேர்ன் த ஹார்ட் வே' என்று எழுதி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். "கஷ்டப்பட்டுப் படிக்கிறது டீச்சர்" என்று வகுப்பே கத்தியது. எங்களுக்குத் தெரிந்த படிப்பு அது ஒன்றுதான். டீச்சர் சிரித்துவிட்டு, அடிபட்டு அவஸ்தைப்பட்டு அதிலிருந்து புத்தி வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினார். ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார். மற்றவர்கள் நாய் கடித்ததையும் சைக்கிளில் விழுந்ததையும் எழுதினார்கள். நான் என் அப்பா மெஷினில் கையைக் கொடுத்துப் பாடம் கற்றுக்கொண்டவர் என்று எழுதினேன். டீச்சர் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "நைனா, இன்னிக்கு உன்னப் பத்தி இங்கிலீஷ்ல எழுதினேன். டீச்சர் வெரி குட் போட்டாங்க" என்றேன்.

"இன்னானு எழுதின?"

சொன்னேன். அவர் சிரிப்பார், அம்மாவைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வெகுநேரம் முகம் கழுவினார். வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருந்தது அண்ணனூரில், ரயில் பெட்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷெட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒற்றை அறை வீட்டில். நைனாவின் வீட்டார் பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் நைனா. பாடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டை அச்சுக்கு நடுவில் வைத்தால் மேலேயிருந்து இரும்புத் தலை இறங்கி ஒரே குத்தில் வடிவம் எடுத்துக் கொடுக்கும் மெஷின் அது. அவர் பிரஸ் ஓட்டிய காலத்தில் தெருவில் நாலு பேர் பார்க்கட்டும் என்றே அம்மா அந்தச் சட்டையைக் கஞ்சி போட்டு வெளியே காயவைப்பாளாம்.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் அந்த மெஷின் நைனாவின் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. "மெஷின் தானா எறங்கிச்சு." இதுதான் எங்கள் வீட்டில் அதைப் பற்றி இருந்த ஒரே வாக்கியம். உறவுக்காரர்கள் வந்து கேட்டாலும் அதுதான், பால்காரர் கேட்டாலும் அதுதான். கம்பெனியிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். பாவம் என்று இரக்கப்பட்டு அவரை வேலையை விட்டு அனுப்பாமல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு நைனா காக்கிச் சட்டைக்கு மாறினார். அம்மா அதற்குக் கஞ்சி போடவில்லை.

அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் எங்களைப் பொத்திப் பொத்தி வளர்த்திருப்பார் என்று நினைப்பீர்கள். நேர்மாறு. எதற்கெடுத்தாலும் "வுடு, பட்டாத்தான் தெரியும்" என்பார். நான் தோசைக்கல்லைத் தொடப்போனால் அம்மா பதறுவாள். நைனா, "வுடு, பட்டாத்தான் தெரியும்" என்று பேப்பரைத் திருப்புவார். அண்ணன் ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறினான் என்று யாராவது கோள் சொன்னாலும் அதே பதில்தான். வாயால் சொல்லி யாருக்கும் எதுவும் ஏறாது என்பது அவருடைய கட்சி. விரல் போன மனுஷன் சொல்வதால் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன்.

ஒரே ஒருமுறை அவர் அந்தக் கட்சியை விட்டு வெளியே வந்தார். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். கேரம் போர்டு ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அம்பத்தூர் கேரம் மன்றத்தில் ஓரம் உடைந்துபோய் ஒதுக்கிவைத்த போர்டு. அண்ணன் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டூல் மேல் வைத்தான். ஸ்டூலின் ஒரு கால் குட்டை. ஆடியது. பையன்கள் எல்லாம் தீப்பெட்டிப் படம் சேர்த்த காலம் அது. அவனிடமும் டப்பா நிறைய அட்டை இருந்தது. அதில் ஒன்றை எடுத்து நாலாக மடித்து ஸ்டூல் காலுக்குக் கீழே சொருகினான். போர்டு ஆடாமல் நின்றது.

அப்போதுதான் நைனா டூட்டி முடிந்து உள்ளே வந்தார். மடித்த அட்டையைப் பார்த்தார். பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினார். போர்டு சரிந்து காய்கள் தரையெல்லாம் உருண்டன. அண்ணன் முதுகில் ஓங்கி அடித்தார். "அட்டைய சொருவாத! எதுலயும் சொருவாத! புரிஞ்சுதா?" என்று கத்தினார். அண்ணனுக்குப் புரியவில்லை. எங்கள் யாருக்கும் புரியவில்லை. அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அத்தனை படத்தையும் அடுப்பில் போட்டார். "சாமி வந்துருச்சா இன்னா இந்த மனுசனுக்கு?" என்று அம்மா கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தீப்பெட்டி காலியானால் நைனாவே எடுத்து நசுக்கி எரித்துவிடுவார். விரல் போனவருக்கு இப்படி ஏதாவது கிறுக்கு இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம்.

அண்ணன் செங்கல் சில்லை ஸ்டூலுக்கு முட்டுக்கொடுத்து ஆடினான். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பத்தாவது பெயிலான பிறகு அதுவே பிழைப்பாகிவிடும் போலிருந்தது. மன்றத்தில் தகர மூடி போட்ட பல்பு தொங்கும். அதற்குக் கீழே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சுற்றி இருபது பேர் மூச்சு விடாமல் நிற்பார்கள். அண்ணன் போரிக் பவுடரைத் தூவி, ஸ்ட்ரைக்கரை ஒரு சுண்டு சுண்டினால் போர்டில் காய் எங்கே எங்கேயோ பட்டு, சிவப்புக் காய் மட்டும் தனியாக நடந்து போய்க் குழியில் விழும். பெண் பிள்ளை அங்கே நிற்கக் கூடாது என்று துரத்துவார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தேன் என்று பொய் சொல்லி நான் நிற்பேன்.

அவன் விரலைக் காப்பாற்றிக்கொண்ட அழகு இருக்கிறதே, புதுப்பெண்கூட அப்படிக் கையைப் பார்த்துக்கொள்ள மாட்டாள். வலது கையால் குடம் தூக்க மாட்டான். பஸ்ஸில் தொங்கினால் இடது கைதான். தீபாவளிக்கு வெடி கொளுத்தச் சொன்னால் என்னிடம் ஊதுபத்தியைக் கொடுத்துவிடுவான். மார்கழிப் பனியில் விரல் விறைத்துப் போகும் என்று நைனாவின் பழைய காலுறையை வலது கையில் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பான். "இன்னா மாமே, கைக்கு ஸ்வெட்டரா?" என்று சிநேகிதர்கள் கலாய்ப்பார்கள். "மகாராசா கைக்கு ஒரு சொம்பு தூக்க வரல" என்று அம்மா புலம்புவாள். அவன் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பான். யாராவது பெரிய ஆட்டக்காரர், இதைச் சாப்பிடாதே, கை நடுங்கும் என்று சொல்லிவிட்டால் அன்றிலிருந்து அதைத் தொட மாட்டான். நகத்தை எப்படி வெட்ட வேண்டும் என்றுகூட ஒருவரிடம் கேட்டு, அப்படியே வெட்டினான்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவன் மாவட்ட அளவில் கோப்பை வாங்கிவிட்டான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் கேரம் ஆடுகிறவர்களை எடுக்கிறார்கள், பொங்கல் கழித்துத் தேர்வு ஆட்டம் வைப்பார்கள் என்று மன்றத்தில் செய்தி வந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் ரயில்வேக்காரர்கள் டிபன் பாக்ஸோடு ஷெட்டுக்குப் போவது தெரியும். அம்மா அவர்களைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்ப்பாள். "இந்த வழியில எம்புள்ளையும் போவான்" என்று என்னிடம் ஒருதரம் சொன்னாள். அண்ணனைக் கலாய்ப்பதை அன்றோடு நிறுத்தினாள்.

பொங்கலுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அதுவரை சும்மா உட்கார வேண்டாமே என்று மன்றத்துச் சிநேகிதன் ஒருவன் அவனை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்த்துவிட்டான். பவர் பிரஸ் பட்டறை.

அண்ணன் அதைச் சொன்னபோது நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பிரஸ்ஸா?" என்றார். கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"கொஞ்ச நாள்தான் நைனா. அங்க ஒரு சவுரியம் கீது. அன்னிக்குக் குடுத்த எண்ணிக்கைய முடிச்சுட்டா கெளம்பிடலாம். சீக்கிரம் முடிச்சா நேரா மன்றம் போயிடுவேன்."

நைனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "வேணாம்னு சொல்லேன்யா" என்றாள் அம்மா. அவர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே. அந்த ஏன் என்பதற்கு அவரிடம் இருந்த பதிலை அவரால் வெளியே எடுக்க முடியவில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் வேலையில் சேர்ந்த நாள் காலையில் நைனா அவனோடு ஸ்டேஷனுக்கு நடந்து வந்தார். அவருக்கு அன்று பிற்பகல் டூட்டி. வரவேண்டிய அவசியமே இல்லை. நானும் கூட இருந்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு அம்பத்தூரில் டைப்ரைட்டிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். அண்ணனூர் பிளாட்பாரத்தில் மூவரும் நின்றோம். நைனா தொண்டையைச் செருமினார். "மெஷின்ல ஜாக்கிரதையா இரு" என்றார். பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். ரயில் வந்தது, நாங்கள் ஏறினோம்.

பட்டறையில் இருந்தது பெரிய கம்பெனிகள் ஓட்டி அலுத்துப்போய்க் கழித்துவிட்ட பழைய பிரஸ். அதில் இரண்டு பட்டன் உண்டு, வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இரும்புத் தலை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் இருக்க முடியாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு கையையும் எடுத்து, வைத்து, அழுத்தி, மறுபடி எடுத்து என்றால் எண்ணிக்கை நகராது. அதனால் ஆட்கள் ஒரு வேலை செய்வார்கள். வலது பட்டனை அழுத்திப் பிடித்து, அதன் விளிம்புக்கும் கூட்டுக்கும் நடுவில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் சொருகிவிடுவார்கள். பட்டன் எழும்பாது. வலது கை அழுத்திக்கொண்டே இருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். அப்புறம் இடது கை மட்டும் தட்டினால் போதும், வலது கை தகட்டை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பறக்கலாம். சேர்ந்த வாரமே பழைய ஆட்கள் அண்ணனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். சூட்சுமம் என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்களாம். அவன் மற்றவர்களுக்கு முன்னால் எண்ணிக்கையை முடித்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே மன்றத்துக்கு வந்தான். அந்த மாதங்களில் அவன் ஆட்டம் இன்னும் கூர்மையானது என்று எல்லோரும் சொன்னார்கள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு மத்தியானம் பட்டறையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். வாசலில் நின்று வார்த்தை வராமல் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தான். வலது கை பெரிய வெள்ளைப் பொட்டலமாக இருந்தது. டாக்டர் வெளியிலேயே எங்களிடம் சொல்லிவிட்டார், ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நைனாவுக்குப் போன அதே இரண்டும். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை எனக்கு வரவில்லை. பொங்கலுக்கு அப்புறம் தேர்வு, பொங்கலுக்கு அப்புறம் தேர்வு என்று மனசுக்குள் ஒரே வரி ஓடிக்கொண்டிருந்தது.

நைனா பாடியிலிருந்து காக்கிச் சட்டையோடு நேராக வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். "எப்டிடா ஆச்சு?" என்றார்.

அண்ணன் அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். "மெஷின் தானா எறங்கிச்சு நைனா."

எங்கள் வீட்டு வாக்கியம். எத்தனையோ தரம் கேட்டுப் புளித்த வாக்கியம். வேறு ஒருவர் தன் கையைப் பற்றி அதைச் சொல்வதை நைனா அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன்.

"அட்டைய எட்த்துட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அண்ணன் திரும்பினான். "எந்த அட்டை?"

"தீப்பெட்டி அட்டைடா. போர்மேன் வர்றதுக்குள்ள உருவிட்டாங்களா?"

அண்ணன் அவரையே பார்த்தான். பிறகு அவர் கையைப் பார்த்தான். "உருவிட்டாங்க" என்றான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் புரியவில்லை.

"எந்த அட்டைய்யா? இன்னா பேசிகினு கீறீங்க ரெண்டு பேரும்?"

நைனா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வார்டில் அக்கம்பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பாடியில் அவர் கை போன அன்றும் வலது பட்டனில் தீப்பெட்டி அட்டைதான் சொருகியிருந்தது. எண்ணிக்கையைச் சீக்கிரம் முடித்தால் முன்வண்டியைப் பிடிக்கலாம், பிள்ளைகள் தெருவில் விளையாடும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொருகினாராம். ரத்தம் வழிய அவர் நின்றபோது பக்கத்து மெஷின்காரர் ஓடிவந்து முதலில் அட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம். 'மெஷின் தானா எறங்கிச்சுன்னு சொல்லு, இல்லாட்டி உன்னையும் தூக்கிருவான், எங்களையும் தூக்கிருவான்' என்று காதில் சொன்னாராம்.

"சொன்னேன். வேலைய வுட்டுத் தூக்கல, கேட்ல ஒக்கார வச்சான். அப்புறம் அதயே சொல்லிகினு கெடந்தேன். ஊர் பூரா ஒண்ண சொல்லிட்டுப் பெத்த புள்ளைங்க கிட்ட மட்டும் எப்டி வேற மாரி சொல்றது? உங்க நைனா தன் கைய தானே வெட்டிகினான்னு நீங்க நெனச்சுட்டீங்கன்னா?"

அம்மா அவரை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "கைய குடுத்த, சரி போவட்டும்" என்றாள். "வாயையும் சேத்தா அந்த மெஷின்ல குடுத்துட்டு வந்த?"

நான் ஒன்பதாம் வகுப்பில் எழுதிய வாக்கியம் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் வாசலில் முகம் கழுவிக்கொண்டே நின்றதும் ஞாபகம் வந்தது. அடுப்பில் எரிந்த தீப்பெட்டிப் படங்களும், அண்ணன் முதுகில் விழுந்த அடியும் வந்தன. அந்த மனுஷன் வாழ்நாளில் கொடுத்த ஒரே எச்சரிக்கை அந்த அடிதான். எதற்கென்று சொல்லாமல் கொடுத்த எச்சரிக்கை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதே சமயம் தரையில் உட்கார்ந்திருந்த அந்த ஆளைத் தூக்கி நிறுத்த வேண்டும் போலவும் இருந்தது.

பொங்கல் வந்தது, போனது. தேர்வு ஆட்டம் நடந்த அன்று மன்றத்தில் இருந்து யாரும் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. அம்மா கேரம் போர்டைச் சுவரோடு சாய்த்து, பழைய புடவையால் மூடினாள். ரயில்வேக்காரர்கள் ஷெட்டுக்குப் போகும் நேரத்தில் கொல்லைக்குப் போவதை விட்டுவிட்டாள். பாத்திரங்களை உள்ளே வைத்தே தேய்த்தாள். அண்ணன் ஒரு நாள் கூட வாய்விட்டு அழுதோ யாரையும் திட்டியோ நான் பார்க்கவில்லை. பொங்கலுக்கு முன்பே, மார்கழியில் ஒரு காலை, காலுறையைக் கையில் மாட்டப் போய், பாதியில் நிறுத்தி, மடித்து அலமாரியில் வைத்தான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கொல்லையில் போய் அழுது தீர்த்தேன்.

நைனா மாறிப்போனார். "பட்டாத்தான் தெரியும்" என்ற பேச்சு அவர் வாயிலிருந்து அறவே போனது. அதற்குப் பதில் பேச ஆரம்பித்தார். கேட்டில் புதிதாக வேலைக்கு வரும் பையன் எவனாக இருந்தாலும் நிறுத்துவார். சட்டைப்பையிலிருந்து மடித்த தீப்பெட்டி அட்டையை எடுத்துக் காட்டி, தன் கையையும் காட்டி, நடந்ததை அப்படியே சொல்வார். எரித்துக்கொண்டிருந்த மனுஷன் இப்போது அதைப் பையிலேயே வைத்திருந்தார். ஒருதரம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது நானே பார்த்தேன். மூன்று பையன்கள் நின்றிருந்தார்கள். இரண்டு பேர், "சரி பெருசு, வுடு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். மூன்றாமவன் நின்று அந்த அட்டையை வாங்கி, எங்கே சொருகுவார்கள் என்று விவரமாகக் கேட்டான். நைனா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அண்ணன் பிறகு ஒரு போன் பூத்தில் உட்கார்ந்தான். இடது கையால் எழுதப் பழகினான். இடது கையால் கேரம் ஆடவும் ஒருதரம் முயன்று பார்த்தான் என்று மன்றத்தில் சொன்னார்கள். அரைமணி நேரம் ஆடிவிட்டு, "நல்லா இல்ல மச்சான்" என்று எழுந்துவிட்டானாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நைனா படுத்த படுக்கையானார். ஒருநாள் சாயங்காலம் அண்ணன் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். மூன்று விரல் கையால் கிண்ணத்தைப் பிடித்து, இடது கையால் ஊட்டினான். நைனா வாயைத் திறக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நா ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்றார்.

அண்ணன் சிரித்தான். "நீ சொல்லியிருந்தாலும் நா காதுல வாங்கியிருக்க மாட்டேன் நைனா. அந்த வயசுல யாரு பேச்சுதான் ஏறிச்சு? பட்டாத்தான் தெரியும்னு நீதானே சொல்லுவ. வாயத் தொற."

நைனா வாயைத் திறந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அன்று கிண்ணத்தை முழுசாகக் காலி செய்தார். அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார். அவர் முகம் கடைசி நாட்களில் தெளிவாக இருந்தது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தத் தெளிவை அண்ணன்தான் கொடுத்தான். அதற்காக நான் அவனைக் கும்பிடலாம்.

ஆனால் அவன் சொன்னது பொய். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் பிளாட்பாரத்தில் நானும் நின்றிருந்தேன்.

நைனா தொண்டையைச் செருமி, "மெஷின்ல ஜாக்கிரதையா இரு" என்று சொன்னாரே, அப்போது அண்ணன் சிரிக்கவில்லை, சரி சரி என்று தட்டிக்கழிக்கவும் இல்லை. வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு அவர் பக்கம் நன்றாகத் திரும்பி நின்றான். நகம் வெட்டுவது எப்படி என்று ஆட்டக்காரரிடம் கேட்டானே, அதே முகத்தோடு கேட்டான்.

"ஜாக்கிரதைன்னா எப்டி நைனா? இன்னா செய்யக் கூடாது, அத சொல்லு. செய்யாம இருந்துக்கறேன்."

நைனா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார். "போவப் போவ உனுக்கே தெரியும்" என்றார்.

ஆவடிப் பக்கமிருந்து ரயில் வருகிற சத்தம் கேட்டது. அது வந்து நிற்கும்வரை அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.